தின்பதுபோல் நிற்கும் கழுதை

பக்கத்தில் நிற்பவர்கள் – 7

பிரித்தானியாவில் 1961இல் தொடங்கிய கால்நடைத் தாதியர் பயிற்சி எப்படிப் பல்கலைக்கழகப் பட்டமாக வளர்ந்தது என்று சென்ற கிழமை பார்த்தோம். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். விட்டவர்கள் பழைய இதழை எடுத்துப் பாருங்கள். இந்தக் கிழமை அந்தப் பட்டப்படிப்பின் பாடத்திட்டத்தை ஆண்டு ஆண்டாகப் பிரித்துத் தருவதாகச் சொல்லியிருந்தேன். அதற்கு முன் ஒரு செய்தி. இதை வாசித்த நாள் முதல் எனக்கு வேறெதிலும் மனம் போகவில்லை.

கழுதை தின்பதுபோல் நடிக்கும்.

நோயுற்ற கழுதை கூட்டத்தோடு சேர்ந்து புல்லுக்குப் போகும். வாயை வைக்கும், உதட்டை அசைக்கும். தண்ணீர்த் தொட்டிக்குப் போய் மூக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கும். பத்தடி தள்ளி நின்று பார்ப்பவர் ‘சாப்பிடுதுதானே, ஒண்டும் இல்லை’ என்று திரும்பிப் போய்விடுவார். ஒரு வாய்கூட உள்ளே போயிருக்காது.

வேட்டை விலங்குகளுக்கு இரையாகக்கூடிய உயிர் அது. கூட்டத்தில் தளர்ந்து நிற்பதுதான் முதலில் அகப்படும் என்பதால் வலியை வெளியே காட்டாமலிருப்பது அதன் பிறவிக் குணமாகிவிட்டது என்று விளக்குகிறார்கள். குதிரைக்கு வயிற்றுக்குத்து வந்தால் விழுந்து புரளும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும், வியர்த்துக் கொட்டும், ஊரே கூடிவிடும். அதே வயிற்றுக்குத்தில் கழுதை பேசாமல் நிற்கும். காது சற்றுத் தொங்கும், தலை சற்றுத் தாழும், அவ்வளவுதான். அதனால்தான் மந்தமாக நிற்கும் கழுதையை அவசர நோயாளியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கழுதைகளுக்கு வைத்தியம் செய்பவர்கள் ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் அது தின்றதா, நடித்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கணக்கு வைக்க வேண்டும். காலையில் எத்தனை கிலோ வைக்கோல் வைத்தோம், மாலையில் எவ்வளவு மிச்சம், தொட்டியில் தண்ணீர் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது, எத்தனை தடவை விட்டை போட்டது, அது ஈரமா, உலர்ந்து சிறுத்ததா, மேலே சளி படிந்திருக்கிறதா. கழுதை விட்டையில் முன்விட்டை என்ன, பின்விட்டை என்ன என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தாதிக்கு முன்விட்டை ஒரு செய்தி, பின்விட்டை இன்னொரு செய்தி. இரண்டையும் நேரத்தோடு குறித்து வைத்தால்தான் குடல் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று வைத்தியரால் சொல்ல முடியும்.

இந்தத் தொடரில் முதல் கிழமையிலிருந்து ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறேன். வைத்தியர் வந்து பார்த்து, வெட்டி, தைத்து, மருந்தெழுதிவிட்டுப் போன பிறகு மிச்சமிருக்கும் இருபத்துமூன்று மணித்தியாலமும் யாருடையவை? அந்த மணித்தியாலங்களைப் படிப்பாகப் படித்தவர் ஒருவர் வேண்டும். கழுதையைப் போல இதை நிரூபிக்கும் விலங்கு வேறில்லை.

மன்னார்த் தாம்போதியைக் கடந்து தீவுக்குள் வந்தவர்களுக்குக் கழுதையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பஸ் நிலையத்தடியில் நிற்கும், கடைத்தெருவில் நிற்கும், குப்பைத் தொட்டியைக் கிளறிக்கொண்டு நிற்கும். அரபு வணிகர்கள் பொதி சுமக்கக் கொண்டுவந்தவற்றின் வழிவந்தவை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். லொறி வந்ததும் பொதிக்கு வேலையில்லாமல் போனது. கழுதைகள் இங்கேயே தங்கிவிட்டன. இன்று அவற்றில் பெரும்பாலானவை கட்டாக்காலிகள். இரவில் வீதியில் படுப்பவை வாகனத்தில் அடிபடுகின்றன. பகலில் சாப்பாட்டுப் பொதியின் பொலித்தீனையும் சேர்த்து விழுங்குகின்றன.

இலங்கையிலும் அவுஸ்திரேலியாவிலும் இயங்கும் ‘பிரிட்ஜிங் லங்கா’ என்ற தொண்டு நிறுவனம் மன்னாரில் இந்தக் கழுதைகளுக்கென்றே ஒரு சிகிச்சை நிலையத்தையும் அதனோடு சேர்ந்த கல்வி நிலையத்தையும் உருவாக்கியது. அடிபட்டவையும் நோயுற்றவையும் அங்கே பராமரிக்கப்பட்டன. விசேட தேவையுள்ள பிள்ளைகளைக் கழுதைகளோடு பழகவிடும் முயற்சியும் அங்கே நடந்தது. ஊரில் யாரும் பொருட்படுத்தாத ஒரு விலங்குக்கு வாட்டு, கட்டு, மருந்து, தீவனம் என்று ஒரு இடம் அமைந்ததே பெரிய காரியம். இந்தக் கட்டுரை அந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

சரி, தின்னாத கழுதைக்கு என்ன நடக்கிறது?

பட்டினி கிடக்கும் எந்த விலங்கின் உடலும் சேமித்த கொழுப்பைக் கரைக்கும். கழுதை ஆபிரிக்காவின் வறண்ட நிலத்துக் காட்டுக் கழுதையின் வழிவந்தது. காய்ந்த புல்லிலிருந்தும் கடைசித் துளிச் சக்தியைப் பிழிந்தெடுத்துச் சேமித்து வைக்கும் உடல் அதற்கு. இன்சுலினுக்கு இலேசில் இணங்காது. அதனால் கொழுப்புக் கரையத் தொடங்கினால் கரைந்துகொண்டே போகும். போதும் என்று நிறுத்தும் சமிக்ஞை பலவீனமானது. கரைந்த கொழுப்பமிலங்கள் ஈரலுக்குள் பாயும். ஈரல் அவற்றை ட்ரைகிளிசரைட்டாக மாற்றித் திரும்ப இரத்தத்துக்குள் தள்ளும். ஒரு கட்டத்தில் ஈரலும் கொழுப்பேறி, சிறுநீரகமும் கெட்டு, உடல் ஓய்ந்துவிடும். ஹைப்பர்லிபீமியா என்று இதற்குப் பெயர். முற்றிய நிலைக்குப் போனவற்றில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க முடியும். ஒரு துளி இரத்தத்தை ஊசியளவு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, ஒரு முனையை அடைத்து, மையநீக்கி இயந்திரத்தில் சில நிமிடம் சுழற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் இறுகிவிடும். மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருக்க வேண்டும்; குழாய்க்குப் பின்னால் பத்திரிகைத் துண்டைப் பிடித்தால் எழுத்துத் தெரிய வேண்டும். இந்த நோயில் பிளாஸ்மா பால்வெள்ளையாக நிற்கும். எழுத்துத் தெரியாது. பெரிய ஆய்வுகூடம் தேவையில்லை; ஒரு மேசை, ஒரு மின்செருகி, பழகிய கை போதும். கால்நடைத் தாதியப் பட்டத்தில் படிக்கும் மாணவிக்கு இந்தச் சோதனை அடிப்படைப் பயிற்சிகளில் ஒன்று.

இந்த நோய் வருவதற்கு வேறொரு பெரிய நோய் இருந்துதான் ஆகவேண்டும் என்றும் இல்லை. பல்வலி போதும். இடமாற்றம் போதும். வாகனத்தில் ஏற்றி இறக்கிய அச்சம் போதும். சினையாக இருப்பவற்றுக்கும் பால் கொடுப்பவற்றுக்கும் ஆபத்து அதிகம். கழுதைக்குச் சினைக்காலமே ஏறக்குறைய ஒரு வருடம். எல்லாவற்றிலும் என்னை உலுக்கியது இதுதான்: கூட்டாளியைப் பிரிந்தாலே போதும். கழுதைகள் சோடியாகப் பிணைந்துகொள்ளும். ஆணும் பெண்ணுமாகத்தான் என்றில்லை, இரண்டு பெட்டைகளாகவும் இருக்கலாம். மன்னார் வீதிகளில் இரண்டு கழுதைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் பிடரியை மற்றது பல்லால் கோதிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று அடிபட்டது என்று வைத்துக்கொள்வோம். நாம் இரக்கப்பட்டு அதைமட்டும் வண்டியில் ஏற்றிச் சிகிச்சை நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம். காலுக்கு அழகாகக் கட்டுப் போட்டாயிற்று. ஆனால் அது தின்னவில்லை. நான்காம் நாள் கட்டு நன்றாக இருக்கும், கழுதை இருக்காது. வீதியோரத்தில் தனியே நின்ற மற்றதும் அதே ஆபத்தில்தான் இருக்கிறது.

ஆகவே கழுதையை வாட்டில் சேர்ப்பதானால் கூட்டாளியையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. ஒன்று இறந்துபோனால், மற்றதை உடனே அப்பால் கொண்டுபோகக் கூடாது. பிணத்தை முகர்ந்து, காலால் தட்டிப் பார்த்து, தானாக விலகிப் போகும்வரை பக்கத்தில் விட வேண்டும். இங்கிலாந்தில் எலிசபெத் ஸ்வென்சன் 1969இல் தொடங்கிய ‘டொங்கி சாங்சுவரி’ கழுதை வளர்ப்போருக்குச் சொல்லும் அறிவுரைகளில் இதுவும் ஒன்று. இது இரக்கத்தால் மட்டும் சொல்வதல்ல. விலகவிடாமல் பிரித்தால் அது தேடிக்கொண்டே நிற்கும், தின்னாது, இரத்தம் வெளுக்கும். துக்கம் கொண்டாட அனுமதிப்பதும் இங்கே சிகிச்சையின் ஒரு பகுதி.

சிகிச்சை என்று பார்த்தால், அடிப்படை நோயை வைத்தியர் கண்டுபிடித்துத் தீர்க்க வேண்டும். நாளத்தில் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். மூக்கு வழியாகக் குழாய்விட்டு உணவு கொடுக்க வேண்டியும் வரலாம். இத்தனைக்கும் நடுவே முக்கியமான மருந்து, தானாகத் தின்ன வைப்பதுதான். கையால் பிடுங்கிய பச்சைப் புல், துருவிய கரட், ஒரு துண்டு வாழைப்பழம் என்று ஒன்று மாற்றி ஒன்று, சிறிது சிறிதாக, இரவிலும் பகலிலும். எதை முகர்ந்தது, எதைத் தள்ளியது, எதை விழுங்கியது என்று எழுதிவைக்க வேண்டும். விழுங்கியதைத் தொண்டையில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். வாய் அசைவை நம்பக் கூடாது.

இந்த இடத்தில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நினைவுக்கு வருகிறார். அவருடைய முதல் நோயாளி ஒரு நாய் என்று ஒரு கதை சொல்வார்கள். இடையர் ஒருவரின் காவல் நாய்க்குக் கல்லடி பட்டு நடக்க முடியாமல் போனது. கால் முறிந்துவிட்டது, இனி உதவாது என்று அதைக் கொன்றுவிட அவர் முடிவுசெய்திருந்தார். சிறுமி புளோரன்ஸோடு வந்த பாதிரியார் காலைத் தடவிப் பார்த்து, எலும்பு முறியவில்லை, வீக்கம்தான் என்றார். புளோரன்ஸ் அங்கேயே அமர்ந்து வெந்நீரில் துணி நனைத்து ஒத்தடம் கொடுத்தார். நாய் பிழைத்தது. நோயைச் சொன்னவர் ஒருவர், ஒத்தடம் கொடுத்தவர் வேறொருவர். மனிதத் தாதியத்தின் தாய் என்று உலகம் கொண்டாடுபவரின் கதையே ஒரு விலங்கின் பக்கத்தில் தொடங்குகிறது.

இலங்கைக்கு வருவோம். மனிதருக்கான தாதியத்துக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே பட்டப்படிப்பு உண்டு. கால்நடை வைத்தியத்துக்கு நாடு முழுவதற்கும் ஒரே பீடம், பேராதனையில். மன்னாரிலிருந்து மதவாச்சி, தம்புள்ளை, மாத்தளை எல்லாம் தாண்டிப் போக வேண்டும். விலங்கு விஞ்ஞானப் பட்டங்கள் உண்டு. கிளிநொச்சி அறிவியல் நகரில் உள்ள யாழ். பல்கலைக்கழக விவசாய பீடத்திலும் அதற்கொரு துறை இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் உற்பத்தி சார்ந்தவை: பால், இறைச்சி, முட்டை, தீவனம், இனவிருத்தி. நோயுற்ற விலங்கின் பக்கத்தில் நிற்பவருக்கான பட்டம் நமது அரச பல்கலைக்கழகங்களில் இல்லை.

களத்தில் அந்த இடத்தை நிரப்புபவர்கள் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியர்கள். குண்டசாலை போன்ற கால்நடை வளர்ப்புப் பாடசாலைகளில் டிப்ளோமா முடித்து வந்தவர்கள். மாட்டுக்குச் செயற்கைமுறைச் சினைப்படுத்தல், தடுப்பூசி, பண்ணையாளருக்கு ஆலோசனை என்று மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைபவர்கள். அவர்களுடைய உழைப்பைத்தான் நம் பாற்பண்ணையாளர் நம்பியிருக்கிறார்கள். ஆனால் மயக்கமருந்து கொடுத்த விலங்கின் மூச்சைக் கண்காணிக்கவோ, வாட்டில் இரவு நிற்கவோ அவர்களை யாரும் பயிற்றுவிக்கவில்லை; அது அவர்கள் வேலையுமல்ல. இந்தியாவிலும் ஏறக்குறைய இதே நிலைதான். 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை வைத்தியச் சபைச் சட்டம், டிப்ளோமா பெற்றவர்கள் பதிவுபெற்ற வைத்தியரின் மேற்பார்வையில் ‘சிறு சேவைகள்’ செய்ய மாநில அரசுகள் அனுமதி கொடுக்கலாம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆசியாவில் ஜப்பான் ஒரு படி முன்னே போனது. செல்லப்பிராணிகளுக்கான தாதியரைத் தேசியத் தகுதியாக்கி 2019இல் சட்டம் இயற்றி, 2023இல் முதலாவது தேசியப் பரீட்சையை நடத்திவிட்டார்கள்.

முருங்கன் பக்கத்திலிருந்து உயர்தரம் உயிரியல் படிக்கும் பிள்ளை ஒருவர் சென்ற கிழமைக் கட்டுரையை வாசித்துவிட்டுத் தொலைபேசியில் கேட்டார்: “அண்ணை, மிருக வைத்தியத்துக்குப் புள்ளி காணாட்டி இதுக்குப் போகலாமோ?”

“தங்கச்சி, புள்ளி காணாத ஆக்களுக்கான படிப்பெண்டு இதை நினைக்காதேங்கோ. வைத்தியருக்குத் தெரியாத ஒரு வேலையை நீங்கள் படிக்கப் போறியள்” என்றேன்.

“அப்ப என்னதான் படிப்பிப்பினம்?”

அந்தக் கேள்விக்காகவாவது பாடத்திட்டத்தைக் கொஞ்சம் திறக்கிறேன். பிரித்தானியாவில் கால்நடைத் தாதியாகப் பதிவுபெற விரும்பும் மாணவர் வகுப்பறைக்கு வெளியே, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை நிலையங்களில் 1,800 மணித்தியாலம் வேலை பழக வேண்டும். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று பார்த்தால் 225 வேலை நாட்கள். பட்டத்தின் முதுகெலும்பே இதுதான். முதலாம் ஆண்டில் உடலமைப்பு, உடலியங்கியல், விலங்கைப் பிடிக்கும் முறை, தொற்று நீக்கம், உணவூட்டல். பிறகு மருந்தியல், மயக்கமருந்துக் கண்காணிப்பு, எக்ஸ்ரே, ஆய்வுகூடம், காயப் பராமரிப்பு. கடைசியில் சட்டம், ஒழுக்கவியல், ஆய்வுக்கட்டுரை.

இதையெல்லாம் பட்டியலாக வாசித்தால் அலுப்பாக இருக்கும். ஒரு கழுதையின் கழுத்தில் வைத்துப் பாருங்கள். குளுக்கோஸ் ஏற்றக் கழுத்து நாளத்தில் கனுலா போட வேண்டும். குதிரையில் பழகிய கை, கழுத்தின் நடுப்பகுதியில் சாய்வாக ஊசியை விடும். கழுதைக்கு அந்த இடத்தில் தோலுக்கடியில் ஒரு தடித்த தசை நாளத்தை மூடியிருக்கிறது. கழுத்தின் மேற்பகுதியிலோ அடிப்பகுதியிலோ இடம் தேடி, குதிரைக்குப் பிடிப்பதைவிடச் செங்குத்தாக ஊசியைப் பிடித்தால்தான் நாளத்தை எட்டும். இது உடலமைப்பியல் பாடம். கழுதையின் சராசரி உடல்வெப்பம் 37.1 பாகை செல்சியஸ், நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 44, மூச்சு 20. குதிரைக்குரிய அட்டவணையைச் சுவரில் ஒட்டிவைத்தால் கழுதையின் இலேசான காய்ச்சல் கண்ணுக்குத் தப்பிவிடும். இது உடலியங்கியல். குதிரைகளுக்கு வழமையாகக் கொடுக்கும் பினைல்பியூட்டசோன் என்ற வலிநிவாரணி கழுதையின் உடலிலிருந்து இன்னும் வேகமாக வெளியேறிவிடும். அடுத்த வேளை தாமதமானால் வலி திரும்பும். ஆனால் கழுதை அதைக் காட்டாது, தின்பதுபோல் நிற்கும். இது மருந்தியல். மூன்றும் ஒரே இரவில், ஒரே வாட்டில், ஒரே ஆளின் கையில் வந்து சேர்கின்றன.

இதனால்தான் சொல்கிறேன்: வடக்கில் ஒரு நாள் கால்நடைத் தாதியப் பட்டம் தொடங்கினால் அதன் வகுப்பறை எங்கேயும் இருக்கட்டும், வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இருக்கலாம், கிளிநொச்சியில் இருக்கலாம். அதன் 1,800 மணித்தியாலத்தில் ஒரு பங்கு மன்னாரில் நடக்க வேண்டும். நாய்களை மட்டும் பார்த்துப் பழகிய தாதி, பெரும்பாலும் வலித்தால் முனகும் நோயாளிகளோடுதான் பழகியிருப்பார். வலியை மறைக்கும் நோயாளியிடம் பழகியவருக்குக் கண் வேறுவிதமாகத் திறக்கும். மாந்தை மேற்கின் மாடுகளும், முசலியின் ஆடுகளும், பேசாலைக் கரையில் வலையில் சிக்கி ஒதுங்கும் கடலாமைகளும் அதே தாதியின் கைக்குத்தான் வந்துசேரும். கடலாமைக்கு ஒரு முழுத் தொடரே வேண்டும்; அதை இப்போது தொடவில்லை.

இதற்கெல்லாம் எங்கே பணம் என்று கேட்பார்கள். சுழற்றும் இயந்திரம், கண்ணாடிக் குழாய்கள், வெப்பமானி, நாடி பார்க்கும் குழல், தராசு, ஒரு பதிவேடு, இரவில் நிற்க இரண்டு பேர். கழுதை வாட்டுக்கு முதலில் வேண்டியவை இவைதான். செலவு அதிகமாவது பயிற்றுவிக்கும் ஆசிரியர்களுக்குத்தான். அவர்களைப் பேராதனையிலிருந்தும், தமிழ்நாட்டில் 1903 முதல் இயங்கிவரும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களிலிருந்தும் அழைக்கலாம். பாடம் தமிழில் நடக்க அது உதவும். கழுதையைக் கூட்டிவரும் மீன்காரரோடும் கடைக்காரரோடும் பேசப் போகிற தாதிக்கு அந்தப் பேச்சு தமிழில் வர வேண்டும்.

ஆண்டு வாரியான பாடத்திட்டம், உயர்தரத்தில் எந்தப் பாடங்கள் வேண்டும், அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகமும் நியூசிலாந்தின் மாசி பல்கலைக்கழகமும் ‘கால்நடைத் தொழில்நுட்பம்’ என்ற பெயரில் நடத்தும் பட்டங்கள், முடித்தவருக்கு என்ன வேலை என்பவை அடுத்த கிழமைக்குப் போகின்றன. முருங்கன் தங்கச்சி அதுவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மன்னார் நகரம், நானாட்டான், முசலி, மாந்தை மேற்கு, மடு ஆகிய ஐந்து பிரிவுகளிலும் வேலை செய்யும் கால்நடைப் போதனாசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வைத்தியர் போன பிறகு ஒரு விலங்கோடு நீங்கள் தனியே நின்ற இரவு ஏதாவது இருந்தால், என்ன செய்தீர்கள், என்ன தெரியாமல் தவித்தீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். புதன்கிழமைக்குள் கிடைத்தால் அடுத்த இதழிலேயே பாடத்திட்டத்தோடு சேர்த்து எழுதுவேன்.